நிமிடம் என்பது பரிசா, பரீட்சையா? போல் ரீட் கதையிலிருந்து ஒரு வாதம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாஸ்கட்போல் பார்க்காதவர்களும் பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் நம்ம பிள்ளைகளின் விசயமும் வருகிறது.

நம்ம ஊரில் என்.பி.ஏ. பார்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. கிரிக்கெட் கூட்டத்தோடு ஒப்பிட்டால் சின்னக் கூட்டம்தான். ஆனால் வாதாடுவதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை 5.30. சுபஹு தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தால் முதல் குவார்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் ஆட்டம் முடியும். அதன் பிறகு நாள் முழுக்கச் சண்டை.

அந்தச் சண்டைகளில் ஓயாத ஒன்று இது: பெக்கப் சென்டருக்கு எத்தனை நிமிடம் கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு சீசனும் ஆளின் பெயர் மாறும், அணியின் பெயர் மாறும், வாதம் மட்டும் மாறாது. ஒரு கட்சி சொல்லும்: "இவன் ஒரு நாள் சிங்கம், மறுநாள் ஆளையே காணோம். இவனை நம்பி எப்படி இறக்குவது?" மற்றக் கட்சி சொல்லும்: "இறக்கினால்தானே தெரியும். அஞ்சு நிமிசம் கொடுத்துவிட்டு ஆளைக் குறை சொன்னால் எப்படி?"

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் பிசகுகிறது என்பது என் கருத்து. இருவருமே நிமிடத்தை ஒரு பரிசாகப் பார்க்கிறார்கள். ஒருவர் "அவன் அதற்குத் தகுதியில்லை" என்கிறார், மற்றவர் "தகுதியுண்டு" என்கிறார். ஒரு வாத்தியாராக எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பெக்கப் ஆளுக்குக் கொடுக்கும் நிமிடம் பரிசு அல்ல, பரீட்சை. பரீட்சையை எப்போது வைப்பது, எந்தப் பாடத்தில் வைப்பது என்று தீர்மானிக்கிற பொறுப்பு கோச்சுடையது.

இதைச் சொல்ல ஃபிலடெல்ஃபியா அணியின் போல் ரீட் கதையை எடுக்கிறேன். அந்த அணியில் அவர் கதை முடிந்துவிட்டது. தொடக்கமும் முடிவும் நம் கண்முன் இருப்பதால் நிதானமாகப் பேசலாம்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜோயல் எம்பீட், 2023இல் எம்.வி.பி. விருது பெற்றவர். அந்த சீசனில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 34 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விளையாடினார். மிச்சம் 13, 14 நிமிடம். அந்த நேரத்தில் வளையத்துக்குக் கீழே நிற்க ஓர் உயரமான ஆள் வேண்டும். அதுதான் பெக்கப் சென்டரின் வேலை.

13 நிமிடம்தானே, என்ன பெரிய விசயம் என்று கேட்பவர்களுக்கு 2019 மே மாதத்தை ஞாபகப்படுத்துகிறேன். டொரொன்டோவுடன் ஏழாவது ஆட்டம். காவாய் லெனார்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்ததே, அந்த ஆட்டம். 92க்கு 90. எல்லோரும் அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். எம்பீட் அன்று 45 நிமிடம் விளையாடினார். அந்த 45 நிமிடத்தில் ஃபிலடெல்ஃபியா 10 புள்ளி முன்னால் நின்றது. ஆட்டத்தில் தோற்றதோ 2 புள்ளியால். அப்படியென்றால் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்குள் மட்டும் 12 புள்ளி போயிருக்கிறது. ஒரு சீசன் முழுக்க உழைத்த உழைப்பு அந்த மூன்று நிமிடத்தில் கரைந்தது.

ஆகவே பெக்கப் சென்டர் என்பது சும்மா ஒப்புக்கு ஒரு ஆள் இல்லை.

இனி ரீட் கதை. 2020 ட்ராஃப்டில் 58ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த ட்ராஃப்டில் மொத்தமே 60 பேர். ஏறக்குறையக் கடைசி வாங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே கீழ்நிலைத் தொடரான ஜி லீக்கில் எம்.வி.பி. ஆனார். கால் வேகம், நீளமான கை, ரிபவுண்டுக்குப் பாயும் துடிப்பு, எல்லாம் இருந்தது. கூடவே ஒரு நோயும் இருந்தது: பவுல். எல்லாப் பந்தையும் தட்டப் பார்ப்பார், எல்லா ஷொட்டையும் தடுக்கப் பாய்வார். கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு மூன்று பவுல் சேர்ந்துவிடும்.

2022 பெப்ரவரியில் ஜேம்ஸ் ஹார்டனை வாங்குவதற்காக ஃபிலடெல்ஃபியா கொடுத்த ஆட்களில் பெக்கப் சென்டர் அன்ட்ரே டிரமண்டும் ஒருவர். இடம் காலியானது. ரீட் அங்கேயே இருந்தார். ஆனால் கோச் டொக் ரிவர்ஸ் மார்ச்சில் வந்து சேர்ந்த டீஆண்ட்ரே ஜோர்டனைத்தான் நம்பினார். ஜோர்டன் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், கிளிப்பர்ஸ் அணியில் ரிவர்ஸிடமே விளையாடியவர். ஆனால் அப்போது வயது 33, கால் பழைய கால் இல்லை.

டொரொன்டோவுடனான தொடரின் கடைசி ஆட்டத்தில் எம்பீட்டுக்கு முகத்தில் எலும்பு முறிந்தது. மியாமியுடனான அடுத்த சுற்றில் முதல் இரண்டு ஆட்டமும் அவர் இல்லை. முதல் ஆட்டத்தை ஜோர்டன் தொடங்கினார். அணி தோற்றது. ஜோர்டனைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவரைத்தான் தொடர்ந்து இறக்குவோம் என்ற தோரணையில் ரிவர்ஸ் பதில் சொன்னார். இரண்டாவது ஆட்டமும் தோல்வி. தொடர் ஆறாவது ஆட்டத்தோடு முடிந்தது.

இங்கே ரிவர்ஸின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் 2008இல் பொஸ்டனுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர், ஆட்டம் தெரியாதவர் இல்லை. பிளே-ஓப் வந்தால் எதிரணி உங்கள் பலவீனமான ஆளைத் தேடித் தேடி அடிக்கும். பவுல் பண்ணுகிற சென்டரை இறக்கினால் எதிரணிக்கு இலவசப் புள்ளி. சொன்ன இடத்தில் நிற்காத சென்டரை இறக்கினால் மற்ற நால்வரின் தடுப்பும் குலையும். ஒரு கார்ட் தவறு விட்டால் பின்னால் சென்டர் இருக்கிறான். சென்டர் தவறு விட்டால் பின்னால் வளையம் மட்டும்தான். அதனால்தான் அனுபவசாலிக் கோச்மார் இளம் சென்டர்களை லேசில் நம்புவதில்லை. இந்தப் பயம் நியாயமானது.

ஆனால் என் கேள்வி மே மாதத்தைப் பற்றியது இல்லை, அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. என்.பி.ஏ. வழமையான சீசனில் 82 ஆட்டம். 2021-22இல் ரீட் விளையாடியது 38 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 8 நிமிடம். அதிலும் பல நிமிடங்கள் வெற்றி தோல்வி முடிவான பிறகு வருபவை. அந்த நேரத்தில் யாரும் ஒழுங்காகத் தடுப்பதில்லை, யாரும் திட்டப்படி ஓடுவதில்லை. அந்த நிமிடத்தை வைத்து ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்லவே முடியாது.

"சீரில்லை, சீரில்லை" என்கிறோமே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஐந்து கேள்வி உள்ள தாளில் ஒரு கேள்வி பிழைத்தால் 20 மார்க்ஸ் போய்விடும். ஐம்பது கேள்வி உள்ள தாளில் ஒன்று பிழைத்தால் 2 மார்க்ஸ். பிள்ளை ஒரே பிள்ளைதான். ஐந்து கேள்வித் தாளை வாராவாரம் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் மார்க்ஸ் ஒரு வாரம் 100, மறுவாரம் 60 என்று ஏறி இறங்கும். பார்க்கிற பெற்றோர் "என் பிள்ளை சீரில்லை" என்பார்கள். சீரில்லாதது பிள்ளையா, தாளா?

எட்டு நிமிடம் விளையாடும் சென்டரும் அப்படித்தான். இரண்டு பந்து கைக்குத் தோதாகத் துள்ளினால் நல்ல ஆட்டம், எட்டித் துள்ளினால் மோசமான ஆட்டம். இதோடு இன்னொன்று. ஒரு தவறு விட்டால் வெளியே என்று தெரிந்த ஆள் இரண்டில் ஒன்று செய்வான். ஒன்று, பயந்து ஒன்றுமே செய்யாமல் நிற்பான். அல்லது, கிடைத்த எட்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் காட்டிவிடப் பாய்வான். ரீட் இரண்டாவது வகை. அவரது பவுல்களில் ஒரு பங்கு குணம், ஒரு பங்கு அவசரம் என்பது என் கணிப்பு.

அடுத்த சீசனிலும் கதை உடனே மாறவில்லை. 2022 செப்டெம்பரில் மொன்ட்ரெஸ் ஹெரலைக் கொண்டுவந்தார்கள். அவரும் கிளிப்பர்ஸில் ரிவர்ஸிடம் விளையாடி, 2020இல் சிறந்த ஆறாவது ஆள் விருது பெற்றவர். பெப்ரவரியில் டிவெய்ன் டெட்மன் வந்தார். இடையில் பி.ஜே. டக்கரை சென்டராக நிறுத்தியும் பார்த்தார்கள். ரீட் 69 ஆட்டம், சராசரி 11 நிமிடம். கடைசியில், பிளே-ஓப் வரும் நேரத்தில்தான் பெக்கப் இடம் ரீட்டுக்கு என்று ஆனது.

அதன் பிறகு என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 22. நமக்கு நோன்புப் பெருநாள். புரூக்லினுடன் நான்காவது ஆட்டம், எம்பீட்டுக்கு முழங்காலில் காயம். ரீட் தொடங்கினார். 10 புள்ளி, 15 ரிபவுண்ட். அணி 96க்கு 88 என்று வென்று தொடரையே முடித்தது. மே 1, பொஸ்டனில் முதல் ஆட்டம், எம்பீட் இன்னும் இல்லை. ஹார்டன் 45 புள்ளி எடுத்தார், எல்லோருக்கும் அது ஞாபகம். ரீட் எடுத்த 10 புள்ளியும் 13 ரிபவுண்டும் எத்தனை பேருக்கு ஞாபகம்? 119க்கு 115, வெற்றி.

ஒரு வருடத்துக்கு முன் மியாமியில் எம்பீட் இல்லாத இரண்டு ஆட்டமும் தோல்வி. இப்போது எம்பீட் இல்லாத இரண்டு ஆட்டமும் வெற்றி. எதிரணி வேறு, ஹார்டனின் ஆட்டமும் வேறு, எல்லாவற்றையும் ரீட் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் 2022 மே மாதத்தில் இவரை நம்பியிருக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் போனதற்குக் காரணம், அதற்கு முன் யாரும் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே.

இந்த இடத்தில் ரீட் கட்சித் தம்பிமார் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்க. கதை இங்கே முடியவில்லை.

2023இல் ரிவர்ஸ் போய் நிக் நர்ஸ் வந்தார். யூட்டா அணி ரீட்டுக்கு மூன்று வருடத்துக்கு ஏறத்தாழ 23 மில்லியன் டொலர் ஒப்பந்தம் நீட்டியது. ஃபிலடெல்ஃபியா அதே தொகையைக் கொடுத்து அவரை வைத்துக்கொண்டது. 2024 ஜனவரி கடைசியில் எம்பீட் மீண்டும் முழங்கால் காயத்தோடு விழுந்தார். இப்போது ரீட்டுக்கு நிமிடத்துக்குப் பஞ்சமில்லை. 82 ஆட்டத்திலும் விளையாடினார், 24 ஆட்டங்களைத் தொடங்கினார், சராசரி 19 நிமிடத்துக்கு மேல். புள்ளி 7.3, ரிபவுண்ட் 6.

ஆள் சீரானாரா? கொஞ்சம் சீரானார், முழுதாக இல்லை. துடிப்பு அதே துடிப்பு. ஆனால் நல்ல இரவும் மோசமான இரவும் மாறி மாறித்தான் வந்தன. பலமான சென்டர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். எட்டு நிமிடத்தில் தெரியாத குறை இருபது நிமிடத்தில் தெரிந்தது. "நிமிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகும்" என்ற கட்சிக்கு இது சங்கடமான பதில். நிமிடம் மருந்து இல்லை. எக்ஸ்ரே. இருக்கிற நோயைக் காட்டும், அவ்வளவுதான்.

முடிவு இன்னும் கசப்பானது. அவரது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: 2024 பிளே-ஓப்பில் அணி இரண்டாம் சுற்றுக்குப் போனால் மிச்ச இரண்டு வருடப் பணமும் உறுதி. அணி முதல் சுற்றிலேயே நியூயோர்க்கிடம் 4-2 என்று தோற்றது. ஜூலையில் ரீட்டை விடுவித்தார்கள். அவர் டெட்ராய்ட் போனார். நான்கு வருடக் கதை ஒரு வரிச் செய்தியாக முடிந்தது.

பார்த்தீர்களா? ஃபிலடெல்ஃபியா இந்த ஆள் யார் என்று தெரிந்துகொண்டது நாலாவது வருடத்தில். அதுவும் எம்பீட்டின் காயம் அந்தப் பரீட்சையைக் கட்டாயமாக வைத்ததால். இரண்டாவது வருடத்தில், நவம்பர் டிசம்பரில், ஆட்டத்துக்குப் 13 நிமிடம் என்று தொடர்ந்து முப்பது ஆட்டம் கொடுத்திருந்தால் என்ன நட்டம்? இரண்டு மூன்று ஆட்டம் தோற்றிருக்கலாம். பதிலுக்கு இரண்டில் ஒன்று கிடைத்திருக்கும். ஒன்று, பவுலைத் திருத்த இரண்டு வருடம் முன்கூட்டியே வேலை தொடங்கியிருக்கும். அல்லது, இவர் சரிவர மாட்டார் என்று தெரிந்து வேறு ஆளை நேரத்தோடு தேடியிருக்கலாம். இரண்டுமே லாபம்தான். நவம்பரில் பாதுகாப்பாக இருக்க விரும்புகிற கோச் அதற்கான விலையை மே மாதத்தில் கட்டுகிறார்.

இதற்கு மறுபக்க உதாரணமும் ஒன்று உண்டு. நியூயோர்க்கின் ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைன். 2017 ட்ராஃப்டில் 43ஆவது ஆள், அணி அணியாக அலைந்தவர். நியூயோர்க்கில் மிட்செல் ரொபின்சனுக்குப் பெக்கப். ஆனால் அங்கே அவருடைய வேலை தெளிவாக இருந்தது: திரை போடு, ரிபவுண்ட் எடு, நடுவில் பந்து வாங்கி அடுத்தவனுக்குக் கொடு. 2023 டிசம்பரில் ரொபின்சன் காயப்பட்டபோது ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்க ஆட்டக்காரரானார். அணி தடுமாறவில்லை. அதே 2024 பிளே-ஓப்பில் ஃபிலடெல்ஃபியாவை வெளியே அனுப்பியதும் அந்த அணிதான். அடுத்த கோடையில் ஒக்லஹோமா சிற்றி அவருக்கு மூன்று வருடத்துக்கு 87 மில்லியன் டொலர் கொடுத்தது. 2025இல் அந்த அணி சாம்பியன். ஹார்ட்டன்ஸ்டைன் ரீட்டை விடத் திறமைசாலி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறமை வெளியே தெரிந்ததற்குத் தெளிவான வேலையும் தொடர்ச்சியான நிமிடமும்தான் காரணம்.

ஆகவே இந்த விவாதம் அடுத்த முறை வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ஒன்று, அந்த ஆளுக்கு வேலை என்னவென்று சொல்லப்பட்டதா? "நல்லா விளையாடு" என்பது வேலை இல்லை. "வளையத்துக்குக் கீழே நில், குதிக்காதே, கையை உயர்த்து" என்பது வேலை.

இரண்டு, நிமிடம் தொடர்ச்சியாக வந்ததா? இன்று 18, நாளை 3, மறுநாள் பூச்சியம் என்றால், சீரில்லாதது முதலில் கோச்சின் கணக்கு.

மூன்று, தவறுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் ஒரு பேச்சு நடந்ததா? ஒரு பவுலுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஏன் என்று சொல்லாவிட்டால், அடுத்த முறை அவன் அதே பவுலைத்தான் செய்வான், இன்னும் பயத்தோடு.

இந்த மூன்றும் ஒழுங்காக நடந்து, அப்புறமும் ஆள் சரிவரவில்லை என்றால், தாராளமாக உட்கார வைக்கலாம். அப்போது அது அநியாயம் இல்லை, தீர்ப்பு. விசாரிக்காமல் கொடுத்தால்தான் அநியாயம்.

இனி நம்ம விசயம். கூடைப்பந்து நம்ம மாகாணத்துக்குப் புதிதில்லை. மட்டக்களப்பில் அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைப் பாதிரிமார் காலத்திலேயே வேர் பிடித்த விளையாட்டு. இப்போது நம்ம பாடசாலைப் பிள்ளைகளும் பந்து தூக்குகிறார்கள். எந்த அணியிலும் ஓர் உயரமான பொடியன் இருப்பான், வாங்கில். உயரத்தைப் பார்த்து எடுத்திருப்போம். கை கால் இன்னும் அவன் பேச்சைக் கேட்காத வயது. வலய மட்டப் போட்டிக்குப் போவோம். தொடக்க ஐவரும் நாற்பது நிமிடமும் ஓடுவார்கள். முக்கியமான சென்டர் ஐந்து பவுலோடு வெளியே வந்த பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில், இந்தப் பொடியனை உள்ளே தள்ளுவோம். பந்து கையில் நிற்காது. மைதானத்துக்கு வெளியே நிற்கும் நாம் எல்லோரும் தலையில் கை வைப்போம். அடுத்த வருடம் அவன் விளையாட்டுக்கு வரமாட்டான். "ஆர்வமில்லாத பொடியன்" என்று எழுதி முடித்துவிடுவோம்.

ரீட்டுக்காவது ஜி லீக் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, டெட்ராய்ட் இருந்தது. இந்தப் பொடியனுக்கு அடுத்த அணி எங்கே இருக்கிறது?

சினேகபூர்வ ஆட்டங்கள் எதற்கு இருக்கின்றன? பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சும்மா விளையாடும் ஆட்டத்திலும் வென்றே ஆக வேண்டும் என்று தொடக்க ஐவரையே ஓடவிடுகிறோமே, அதற்குப் பதில் இரண்டாவது குவார்ட்டரின் பத்து நிமிடத்தையும் வாங்கில் இருப்பவர்களுக்கு என்று ஒதுக்கினால் என்ன? தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாப்பாமார், உம்மாமாரிடமும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை வாங்கில் இருந்தால் சேரிடம் "ஏன் இறக்கவில்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். "அவன் எதைத் திருத்தினால் இறக்குவீர்கள் சேர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் சேர் நல்ல கோச். பதில் இல்லையென்றால், அவரும் யோசிக்கத் தொடங்குவார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். டொக் ரிவர்ஸ் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுடைய பதிலைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.